முகத்தைப் பார்க்கவில்லை

நேற்று மகள் பழைய கம்பளி ஒன்றைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். ஈரக் கம்பளியின் அந்த ஆட்டு வாடை மூக்கில் ஏறியதும் எனக்குக் கொடைக்கானல் கடைவீதி ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்கு மல்லிகை மணத்தில் பழைய நாள் திரும்பும். எனக்கு ஆட்டு வாடை. என்ன செய்ய?

கல்யாணமான புதிதில், ஐம்பதுகளின் கடைசியில், அங்கே டீச்சராக இருந்தேன். வத்தலக்குண்டு வெயிலில் வளர்ந்த உடம்பு. புடவைக்கு மேல் இரண்டு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி நடப்பேன். நானும் வீட்டுக்காரரும் குடியிருந்தது காதர் பாயின் கம்பளிக் கடை மாடியில். பாய் முன்கோபி. ஆனால் ஆண்டவனுக்குப் பயந்தவர். கம்பளியில் பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் தானே விரித்துக் காட்டிவிட்டுத்தான் விற்பார்.

ஒரு நாள் விடியற்காலை, லாரியில் வந்த கம்பளிக் கட்டுகளை இறக்கி வைத்துவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டுத் தொழப் போனார். திரும்பும்போது யாரோ தலைச்சுமையோடு பள்ளங்கி கிராமத்துப் பக்கம் இறங்குவது மூடுபனிக்குள் தெரிந்திருக்கிறது. போர்த்தியிருந்தது சிவப்புக் கரை போட்ட கறுப்புக் கம்பளி. கடைக்கு வந்து பார்த்தால் ஒரு கட்டைக் காணோம். அப்படியொரு கம்பளி மாயாண்டியிடம் இருந்தது. பள்ளங்கியிலிருந்து தினமும் ஏறி வந்து பஸ் ஸ்டாண்டில் மூட்டை சுமக்கிறவர் அவர். மாயாண்டிதான் எடுத்தான், கண்ணால் பார்த்தேன் என்று பாய் கடைவீதி முழுக்கச் சொல்லிவிட்டார்.

மாயாண்டி வந்ததும் கடைக்காரர்கள் வளைத்துக்கொண்டார்கள். இனி ஒருவரும் மூட்டை தரமாட்டோம் என்றார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கு இழுத்துப்போகவும் தயாரானார்கள். அந்தச் சுமைக் கூலியில்தான் அவர் பிள்ளைகளுக்குச் சோறு. நான் மாடி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழவில்லை, யார் காலிலும் விழவில்லை. பாயை மட்டும் பார்த்தார்.

"பாய் படைச்சவனுக்குப் பயந்தவருங்க. அவன நெனச்சு, என் மொகத்தப் பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். நானே ஸ்டேஷனுக்கு வாரேன்."

பாய் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்திருந்தது.

"கம்பளியத்தான் பாத்தேன். மொகத்தப் பாக்கல. கோவத்துல சொல்லிட்டேன்."

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பாய் அதைக் காதில் வாங்காமல் மாயாண்டியைக் கூட்டிக்கொண்டு, தான் பழி சொன்ன ஒவ்வொரு கடைக்கும் போய், சொன்ன வாயாலேயே மாற்றிச் சொல்லிவிட்டு வந்தார்.

கட்டு கிடைக்கவே இல்லை. டீச்சர் புத்தி இருக்கிறதே, விடை தெரியாமல் அதற்குத் தூக்கம் வராது. ஒரு நாள் பாயிடமே கேட்டுவிட்டேன், ஒருவேளை மாயாண்டியாகவே இருக்குமோ என்று.

"இருந்தாலும் இருக்கும் டீச்சரம்மா. எனக்குத் தெரியாது. தெரியாதத தெரியும்னு சொல்லி ஒருத்தன் சோத்தக் கெடுத்துட்டு, நாளைக்கு அங்க போயி என்ன பதில் சொல்லுவேன்?"

சொல்லிவிட்டு, வாசலில் நின்ற லாரியிலிருந்து சரக்கை இறக்க மாயாண்டியைக் கூப்பிட்டார். அந்த மனிதர் மேல் அன்று எனக்கு வந்த பாசம் இன்னும் குறையவில்லை.

சில வருஷம் கழித்து பாய் இறந்தபோது, அவரைக் கபரஸ்தானுக்குத் தூக்கிப்போகத் தோள் கொடுத்தவர்களில் மாயாண்டியும் ஒருவர். இப்போது அவரும் இல்லை. கடை இருந்த இடத்தில் சாக்லேட் விற்கிறார்கள். கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் சர்ச்சுக்கும் கூட்டம் முன்னைவிட அதிகம்தான். ஆனால் அடுத்தவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லுமுன் அப்படி நடுங்கிப்போகிறவரை அதற்குப் பிறகு நான் காணவில்லை, என்னையும் சேர்த்துத்தான்.