சீல் உடைக்காத சாப்பாடு

விமானத்தில் சாப்பாட்டுத் தட்டின் அலுமினியத் தாளைப் பிரிக்கும்போது முகத்தில் வந்து மோதும் ஆவிக்கு ஒரு வாசனை உண்டு. வெந்த பட்டாணியும் சூடேறிய தகரமும் கொஞ்சம் ஏலக்காயும் கலந்த அந்த வாசனை, ஷார்ஜாவில் வளர்ந்த எனக்குச் சிறு வயதில் பெருமையின் வாசனையாக இருந்தது. கோடையில் அப்பாவுக்கு "லீவு" கிடைத்து நாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது, மற்றவர்களுக்குத் தள்ளுவண்டி வருவதற்கு வெகுநேரம் முன்பே, பணிப்பெண் ஒருத்தி எங்கள் இருக்கை எண் ஒட்டிய தட்டுகளை ஏந்திக்கொண்டு, "ஸ்பெஷல் மீல்?" என்று கேட்டபடி எங்களைத் தேடி வருவாள். சுற்றிலும் இருப்பவர்கள் பசியோடு திரும்பிப் பார்ப்பார்கள். நான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்துகொள்வேன்.

அந்தப் பெருமை எனக்கு ஏன் அவ்வளவு தேவைப்பட்டது என்று சொல்ல வேண்டும். நாங்கள் பாளையங்கோட்டைச் சைவக் குடும்பம். முட்டைகூட வீட்டுக்குள் வராது. அப்பா ஷார்ஜா தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர், வீடு முவைலாவில். கட்டடத்துக்குக் கீழேயே ஷவர்மா கடை. சாயங்காலமானால் படிக்கட்டு முழுக்க அந்த மணம்தான் ஏறி வரும். பள்ளித் தோழிகளின் பிறந்தநாள் விருந்தில் எல்லோரும் நக்கெட்ஸைத் தின்றுகொண்டிருக்க, நான் சிப்ஸ் பொட்டலத்தோடு ஓரமாக இருப்பேன். பெருநாளன்று எதிர்வீட்டுப் பாகிஸ்தான் ஆன்ட்டி கொண்டுவரும் பிரியாணியை அம்மா சிரித்த முகத்தோடு இரண்டு கையாலும் வாங்கி, கதவைச் சாத்தி, அப்படியே வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பிவிடுவாள். "கூடாது" என்று அம்மா ஒருநாளும் சொன்னதில்லை. "நமக்கு வேண்டாம்ட்டி" என்பாள், எனக்கு வேண்டும் என்பது தெரியாதவளைப் போல. பூமியில் இருக்கும்போதெல்லாம் அடுத்தவர் தட்டைப் பார்த்துப் பொறாமைப்பட்டுக்கொண்டிருந்த நான், ஆகாயத்தில் அந்தச் சில மணி நேரம் மட்டும் பிறர் பொறாமைப்படும்படி இருந்தேன்.

எனக்குப் பதினோரு வயதானபோது அதுவும் போயிற்று.

அந்த வருடம் திருவனந்தபுரத்துக்கு டிக்கெட் கிடைக்காமல் துபாயிலிருந்து கொச்சிக்குப் போனோம். அப்பாவும் தம்பி குமரனும் பின்வரிசையில். முன்னால் அம்மா, அடுத்து நான், எனக்கு அந்தப் பக்கம் என் வயதுச் சிறுமி ஒருத்தி, அவளுக்கு அப்பால் தலையில் பூப்போட்ட துணி கட்டிய அவள் அம்மா. அந்தப் பெண்ணின் பெயர் ஷிரா. லண்டனிலிருந்து வருவதாகவும், அம்மா பிறந்த வீட்டைப் பார்க்கக் கொச்சிக்குப் போவதாகவும் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர்கள் யூதர்கள். அந்த வார்த்தையை நான் அதற்குமுன் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருந்தேன்.

விமானம் மேலேறி நேரானதும் பணிப்பெண் வந்தாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவளோ என்னைக் கடந்து குனிந்து, பிளாஸ்டிக் தாளால் சுற்றி மேலே முத்திரை ஒட்டிய ஒரு பெட்டியை ஷிராவிடம் நீட்டினாள். அது "கோஷர்" சாப்பாடு, யூதர்களின் உணவு விதிப்படி சமைத்தது. சீல் உடையாமல் வந்திருக்கிறதா என்று சாப்பிடுகிறவரே பார்த்துச் சொன்னால்தான் பிரிப்பார்கள், உள்ளே இருக்கும் பாத்திரத்தின் இரட்டைத் தாளைச் சூடு பண்ணும்போதுகூடப் பிரிக்க மாட்டார்கள் என்று ஷிரா பிறகு விளக்கினாள். அந்தச் சமயத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம், சீருடை அணிந்த ஒரு பெரிய பெண் என் வயதுச் சிறுமியிடம், "திறக்கலாமா?" என்று அனுமதி கேட்டுக் காத்து நின்றதுதான். ஷிரா பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ராணியைப் போலத் தலையசைத்தாள். உள்ளே, இந்தச் சாப்பாட்டை யார் முன்னிலையில் சமைத்தார்கள் என்று அச்சடித்த ஒரு சீட்டுகூட இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

பிறகுதான் எங்கள் தட்டுகள் வந்தன. நான் தாளைப் பிரிக்கவில்லை.

"என்னட்டி, சாப்பிடலியா?" என்றாள் அம்மா.

"இதுல சீல் இல்ல."

"எதுக்கு சீலு?"

"இது சைவம்தான்னு நமக்கு எப்படிம்மா தெரியும்? அவங்களுக்குப் பாரு, எல்லாம் எழுதியிருக்கு. நமக்கு யாரும் எதுவும் காட்டலயே."

பொறாமையில் சொன்ன வார்த்தை அது. ஆனால் அம்மா கையிலிருந்த ஸ்பூன் பாதியில் நின்றது. தட்டிலிருந்த கட்லெட்டைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பக்கத்துப் பெட்டியின் முத்திரையைப் பார்த்தாள். பிறகு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டாள்.

இருக்கைகளின் இடுக்கு வழியாக அப்பாவின் முகம் தெரிந்தது. "இத்தன வருசமா தின்னுட்டுதான வாரோம். இப்ப என்ன புதுசா?"

"புள்ள கேக்கது ஞாயம்தான. இத்தன வருசமா நான் கேக்கலியேன்னுதான் எனக்கு ஒருமாதிரியா இருக்கு" என்றாள் அம்மா. அவள் முகம் சுண்டியிருந்தது. அப்பா தன் தட்டையும் குமரன் தட்டையும் சேர்த்து மூடினார்.

அம்மா காலடியிலிருந்த பையைத் திறந்தாள். இறங்கியபின் ரயிலில் சாப்பிடுவதற்கென்று இட்லி கொண்டுவந்திருந்தாள். மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவியது. டப்பாவைத் திறந்ததும் அந்த மணம் வரிசை முழுக்கப் பரவ, நான் கூனிக் குறுகிப்போனேன். முத்திரையிட்ட பெட்டிக்குப் பக்கத்தில் பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் இட்லி!

ஷிரா தன் கோழித் துண்டைக் குத்துவதை நிறுத்திவிட்டு எங்கள் டப்பாவையே பார்த்தாள். எந்த ஊருக்குப் பறந்தாலும் தனக்கு இதே கோழி, இதே உப்பில்லாத சோறுதான் என்றாள். உங்கள் அம்மா இதை வீட்டில் செய்தார்களா, சூடாக இருந்ததா, காரமா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவள் அம்மாவோ அதைவிட மோசம். இட்லியின் மேல் வைத்த கண்ணை எடுக்கவே இல்லை.

"கொச்சியில நீங்க இட்லி சாப்பிட்டிருப்பீங்கள்லா? ரெண்டு எடுத்துக்கோங்க" என்று அம்மா டப்பாவை நீட்டினாள்.

அந்த அம்மாள் கையை நீட்டாமல் மெதுவாகத் தலையாட்டினார். "சேச்சி, ஞங்கள்க்குப் பாத்ரம் நோக்கணும். கழிக்கான் பற்றில்ல."

பாத்திரம் பார்க்க வேண்டும், சாப்பிட முடியாது. எதிர்வீட்டு ஆன்ட்டியிடம் அம்மாவால் வருடக்கணக்காகச் சொல்ல முடியாமல் போன விஷயத்தை ஒருவர் அவள் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று தெரியாமல் அம்மா ஒரு கணம் அப்படியே இருந்தாள். அவள் காது சிவந்ததை நான் பார்த்தேன். பிறகு பைக்குள் துழாவி இரண்டு வாழைப்பழத்தை எடுத்து, இதாவது ஆகுமா என்பதுபோலக் காட்டினாள்.

"பழம் குழப்பமில்ல. தொலி உண்டல்லோ" என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்.

"ஏங்க, தொலிங்கிறாங்க, நம்மள மாதிரியே" என்று அம்மா பின்னால் திரும்பி அப்பாவிடம் சொன்னாள். பழத்தோலுக்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. அதற்குப்பின் கொச்சி வரும்வரை இரண்டு பேரும் என் தலைக்கு மேலாகப் பேசிக்கொண்டே வந்தார்கள்.

பழத்தைத் தின்று முடித்த ஷிரா, தன் பெட்டியிலிருந்த கேக்கைப் பிரிக்காமல் என் பக்கம் தள்ளினாள். அம்மா உறையை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். முட்டை இருந்தது.

"நமக்கு வேண்டாம்ட்டி" என்றாள் அம்மா.

எங்கள் பழத்தை அவள் தின்னலாம், அவள் கேக்கை நான் தின்னக் கூடாது. அந்த லீவு முழுக்க அந்த எரிச்சல் எனக்கு ஆறவில்லை. ஷார்ஜா திரும்பியதும் அப்பாவின் ஆபீஸ் டேப்பால் என் டிபன் டப்பாவைச் சுற்றி ஒட்டி எடுத்துப் போனேன். தோழி ரஷீதாவிடம் காட்டி, உடையவில்லை என்று அவள் சொன்ன பிறகே திறப்பேன். ஒரு வாரத்தில் வகுப்பில் பாதிப் பேர் டேப் ஒட்டிக்கொண்டு வந்தார்கள். டீச்சர் டேப்பைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். அம்மா மட்டும் அன்றிலிருந்து, அப்பா ஓய்வு பெற்று இருவரும் ஊரோடு போகும்வரை, விமானச் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

இப்போது நான் துபாயில் வேலை பார்க்கிறேன். கல்லூரி நாட்களிலேயே கோழி தின்னத் தொடங்கிவிட்டேன். அம்மாவுக்குத் தெரியும், கேட்பதில்லை. ஊருக்குப் போகும் மலிவு விமானத்தில் யாருக்கும் யாரும் தட்டேந்தி வருவதில்லை. போனில் காசு கட்டியவருக்குக் காகிதப் பெட்டி, கட்டாதவருக்குத் தண்ணீர். கோஷர் சாப்பாட்டைத் துபாயில் இன்று ஓட்டலிலேயே கேட்டு வாங்கலாம். அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன மாதம் பள்ளிச் சுற்றுலா போய்வந்த என் எட்டு வயது மகள் உம்மென்று இருந்தாள். பஸ்ஸில் சாப்பாடு கொடுக்கும் முன் டீச்சர் ஒவ்வொருவரிடமும் என்ன சாப்பிடக் கூடாது என்று கேட்டாராம். ஆயிஷாவுக்கு ஹலால், தியாவுக்கு வெங்காயம் பூண்டு ஆகாது, நோவாவுக்குக் கோஷர். இவளிடம் வந்தபோது சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்றாம்.

"நமக்கு என்னம்மா வேண்டாம்?" என்று கேட்டாள்.

"அப்படி எதுவும் இல்லடா. நாம எல்லாமே சாப்பிடலாம்."

"எல்லாமேவா?" என்றாள். அவளுக்கு அழுகை வந்துவிட்டது.