வெல்டிங் வகுப்புக்குப் பள்ளிச் சீருடை

என் மகள் ஜெனி பிளஸ் ஒன் படிக்கிறாள். காலையில் பள்ளிக்கூடம், மதியத்துக்குப் பிறகு தொழிற்பயிற்சி நிலையத்தில் வெல்டிங். இரண்டுக்கும் செலவை அரசே பார்த்துக்கொள்கிறது. ஆனால் பயிற்சிக்கான கனத்த பருத்தி உடுப்பு மட்டும் முழுநேரம் படிப்பவர்களுக்குத்தான். பாதிநேரம் வரும் பிள்ளைகளுக்குக் கிடையாது.

"எம்மா, அப்பாக்க பழைய கவரால் சும்மாதானே கெடக்கு? அத எனக்கு வெட்டித் தைச்சுத் தா" என்றாள் ஜெனி. என் கணவர் துபாயில் வேலைக்குப் போட்ட, கழுத்திலிருந்து கால்வரை மூடும் கனத்த பருத்தி உடுப்பு அது.

"அதப் போட்டுட்டு பஸ்ஸுல வந்தா, படிப்ப நிறுத்தியாச்சுன்னு ஊருல சொல்லுவாவ. யூனிஃபாமோடயே போ மக்களே" என்றேன்.

ஒரு நாள் பயிற்சி நிலையத்திலிருந்து போன் வந்தது. ஓடினேன். தீப்பொறி விழுந்து, பாலியஸ்டர் சீருடையின் கை உருகித் தோலில் ஒட்டியிருந்தது. கூடப் படிக்கும் பெண் சட்டென்று தண்ணீர் ஊற்றியதால் காயம் முழங்கைக்குக் கீழேயே நின்றுவிட்டது.

"கொஞ்சம் மேல பட்டிருந்தா மொகம் போயிருக்கும்மா" என்றாள் ஜெனி.

புண் ஆறுவதற்குள் கவராலைத் தைத்து முடித்தேன். பள்ளியில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து, "காலையில எங்க பிள்ள உங்க மாணவி. மத்தியானம் நெருப்புக்க முன்ன நிக்கும்போ யாருக்க மாணவி?" என்று கேட்டேன். இன்னும் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன்.

இப்போது ஜெனி கவராலோடுதான் பஸ்ஸில் வருகிறாள். நிறுத்தத்தில் காத்திருந்து, கடைத்தெரு வழியாகவே அவளை வீட்டுக்கு அழைத்து வருகிறேன்.