நான் எழுதிய விளம்பரம்

யாழ்ப்பாணத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அறிக்கை எழுதுவது என் உத்தியோகம். கடலோரக் களப்பில் நண்டு பிடிக்கிற குடும்பங்களைப் பற்றி, நான் கால் நனைக்காமலே, ஆங்கிலத்தில் உருக்கமாக எழுதுவேன். கால் நனைத்தவர் அரியாலையைச் சேர்ந்த ஒரு பெண். கணவர் இல்லை, இரண்டு பிள்ளைகள். ஆறு வருடமாக எங்கள் தொண்டர். சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கதைத்து, கொப்பியில் எழுதிக் கொண்டுவருவார். அதை ஆங்கிலமாக்கி, கீழே என் பெயரைப் போடுவேன்.

இந்த வருடம் கள உத்தியோகத்தர் பதவி ஒன்று வந்தது, சம்பளத்தோடு. அது அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். விளம்பரம் எழுதும் வேலை எனக்கு. பழைய திட்டத்தின் விளம்பரத்தைத் திறந்து திகதியை மட்டும் மாற்றினேன். பட்டம், ஆங்கிலப் புலமை, சம்பளத்துக்கு வேலைசெய்த மூன்று வருட அனுபவம், எல்லாம் கட்டாயம் என்று அதில் இருந்தது. பணிப்பாளர் என் வேகத்தைப் பாராட்டினார்.

அந்தப் பெண்ணின் விண்ணப்பம் முதல் நாளே கழிக்கப்பட்டது. நிராகரிப்புக் கடிதத்தோடு என் மேசைக்கு வந்தார்.

“அண்ணை, எனக்கு அனுபவம் இல்லையாம். அப்ப ஆறு வருசமா அங்கை என்ன செய்தனான்?”

“அது தொண்டு, தங்கச்சி.”

“போன மாசம் வந்த வெள்ளைக்காரப் பிள்ளையும் தொண்டர்தானே. அவவுக்கு மட்டும் வாகனமும் ஆலோசகர் எண்ட பேரும்.”

பணிப்பாளரிடம் போனேன். பிழை என்னுடையது, விளம்பரத்தைத் திருத்தித் திரும்பவும் போடுவோம் என்றேன்.

“உதுக்கெல்லாம் உணர்ச்சிவசப்படாதேங்கோ. அவவை நாங்கள் விடேல்லையே. தொண்டரா இருக்கட்டும். புதுசா வாற பிள்ளைக்கு இடங்களைக் காட்டவும் ஆள் வேணும்.”

அவருக்குப் பின்னால் சுவரில் எங்கள் வருடாந்த அறிக்கையின் அட்டை. அதில் சைக்கிளோடு சிரித்துக்கொண்டு நிற்பது அந்தப் பெண்தான். மனிதர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் கதவை அறைந்து சாத்தியிருக்கலாம். மெதுவாகத்தான் சாத்தினேன், இருபது வருடப் பழக்கம்.

மேசைக்கு வந்து ஒரு கடிதம் அடித்தேன். இவர் இங்கே ஆறு வருடம் கள உத்தியோகத்தரின் வேலையைச் செய்தார், இவர் இல்லாவிட்டால் எனக்கு எழுத எதுவும் இருந்திராது. கையெழுத்திட எனக்கு அதிகாரமில்லை. இட்டேன். முத்திரையையும் குத்தினேன்.

அந்தப் பெண் அதை வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

“இதைக் காட்டினா வேறை இடத்திலை எடுப்பினமோ?”

“தெரியாது.”

“சரி. இடம் காட்ட நான் வரமாட்டன் எண்டு அவருக்குச் சொல்லிவிடுங்கோ” என்று சைக்கிளை எடுத்தார்.

சொன்னேன். தலைமையகத்துக்கும் பிரதி போட்டு, காரணத்தோடு, ஆங்கிலத்திலும் அனுப்பினேன்.