பதினெட்டு கிலோ

கதை விடுறேன்னு நினைக்காதீங்க. எடை எழுதின சீட்டு ஒண்ணு இப்பவும் என் பையில இருக்கு. வேணும்னா காட்டுறேன்.

ஊரைச் சுத்திக் காட்டுற சின்ன ஹெலிகாப்டர் அது. கேப்டனை விட்டா மூணே சீட்டு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ரெண்டு. ஆளுங்களை எடை பார்த்து ஏத்துறது என் வேலை. மூணு பேரும் சேர்ந்து 220 கிலோவைத் தாண்டக்கூடாது. தாண்டினா உயிருக்கே உலை. அதுல நான் ரொம்பக் கறார்.

சாயங்காலம் 5.10. கடைசி ரவுண்டு. ஒரு புருஷன் பொண்டாட்டி வந்தாங்க. 71, 58.

"மூணாவது சீட்டு காலியா இருக்கட்டுங்க"ன்னு அந்தம்மா சொன்னாங்க.

நான் கேட்டாத்தானே? காலி சீட்டைப் பார்த்தா எனக்குக் கை அரிக்கும். கேமராவோட ஒருத்தர் மத்தியானத்துலேர்ந்து காத்துக் கிடந்தார். 84. அவரை அந்தம்மா பக்கத்துல பின்னாடி உட்கார வெச்சேன். மொத்தம் 213.

மேசைக்குத் திரும்பினேன். எடை மெஷின் 18 காட்டுச்சு.

மேல யாரும் இல்ல.

பட்டனை அமுக்கினேன். 0... அப்புறம் மெதுவா, 18.

5.22. ஹெலிகாப்டர் ஒரு அடி எழும்பி, தொம்முனு உட்கார்ந்துச்சு. வாக்கிடாக்கில கேப்டன்.

"எத்தனை பேரை ஏத்தினே?"

"மூணு."

"கனமா இருக்கு. எண்ணிப் பாரு."

குனிஞ்சு ஓடினேன். எண்ணினேன். மூணுதான். கேமராக்காரர் முகத்துல ஈயாடல. அவர் பெல்ட் வயித்தைத் தொடாம, ஒரு சாண் முன்னாடி நின்னுச்சு... இறுக்கமா.

"இறக்கி விடுங்க. மடியில யாரோ..."

இறக்கினேன். காலி சீட்டுக்கு பெல்ட்டை மாட்டினேன்.

பெல்ட் தொய்யல.

5.26. அலுங்காம எழும்பிச்சு. மெஷினைப் பார்த்தேன்.

0.

5.38க்கு இறங்கினாங்க. அந்தம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டே என்கிட்ட வந்தாங்க.

"போன வருஷம் இவரு, பசங்க ரெண்டு பேரு, எங்க சின்னப் பொண்ணு, நாலு பேரும் போறதா இருந்துச்சு. நீங்கதான் இடம் இல்ல, பாப்பா அடுத்த தடவை போகட்டும்னீங்க. இந்த மெஷின் மேல நின்னு, வெச்ச கண் வாங்காம மேலயே பார்த்துட்டு இருந்தா. அந்த வாரமே காய்ச்சல்ல போயிட்டா."

எனக்கு ஞாபகமே இல்ல. தினம் யாருக்காவது சொல்ற வார்த்தைதானே.

அவங்க போனப்புறம் போன வருஷத்து எடைச் சீட்டுக் கட்டைப் பிரிச்சேன். கிடைச்சுது. என் கையெழுத்துதான். நாலு எடை. கடைசி ஒண்ணை மட்டும் நானே கோடு போட்டு அடிச்சிருந்தேன்.

18.