ஒற்றை ரிங் டீமுக்கு என் ஆலோசனைகள்

போன வியாழக்கிழமை சாயங்காலம் சிதம்பரத்தில் கரண்ட் போயிற்று.

கரண்ட் போவதெல்லாம் ஒரு செய்தியா, வந்தால் சொல்லுங்கள் என்கிறீர்களா? நியாயம்தான். இந்த வருஷம் நம் வீடுகளில் இன்வெர்ட்டருக்குக் கிடைக்கிற மரியாதை புது மாப்பிள்ளைக்குக்கூடக் கிடைப்பதில்லை. ஆனால் அன்று கரண்ட் போனது வீட்டில் இல்லை. பெண்கள் கல்லூரிகளுக்கான பாஸ்கெட்பால் போட்டி தொடங்கவிருந்த இன்டோர் ஸ்டேடியத்தில். ஆட வேண்டியது என் அக்கா மகள் தேன்மொழியின் டீம். போதாக்குறைக்கு, அந்த டீம் என் பேச்சைக் கேட்டு ஒரு காரியம் செய்துவிட்டு வந்திருந்தது...

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

தேன்மொழி கடலூரில் பி.காம். இரண்டாம் வருஷம் படிக்கிறாள். கல்லூரி டீமின் கேப்டன். அந்த டீம் இந்த சீசனில் ஆடிய இடமெல்லாம் தோற்றுக்கொண்டே வந்தது. நான் அதன் ரசிகன். ஒரே ரசிகன் என்றும் சொல்லலாம்.

எனக்கு பாஸ்கெட்பால் ஆடத் தெரியாது. அதனால் என்ன? வெந்நீர் வைக்கத் தெரியாதவர்கள் சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்று சொல்வதில்லையா? டீம் தோற்கத் தோற்க, அவர்களுடைய பி.டி. மேடத்துக்கு எஸ்.எம்.எஸ். மூலமாக ஆலோசனை வழங்க ஆரம்பித்தேன்.

'உயரமான அந்த எலிசபெத்தை ரிங்குக்கு அடியிலேயே நிறுத்திவிடுங்கள்.'

பதில் வந்தது. 'மூணு செகண்டுக்கு மேல் அங்கே நின்றால் ஃபவுல் சார்.'

'எதிர் டீமில் நன்றாக ஆடும் பெண்ணை நம் ஐந்து பேரும் சூழ்ந்துகொண்டால்?'

'மீதி நாலு பேர் சும்மா இருப்பார்களா சார்?'

"அந்தம்மா சம்பளம் வாங்குறதே உங்க மெசேஜுக்கு பதில் போடத்தானா?" என்றாள் என் மனைவி. இவளுக்கு எங்கே தெரியும் என் பயம்!

பயம் இதுதான். அக்கா வீட்டுக்காரர் ராஜவேலு மாமா திருப்பாதிரிப்புலியூரில் கிரில் பட்டறை வைத்திருக்கிறார். பேச்சு குறைவு. பேசினால் அதற்கு அப்பீல் கிடையாது. வருஷ ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: "யூனிவர்சிட்டி டீமுக்கு எடுத்தாங்கன்னா ஆடட்டும். இல்லன்னா இந்த வருஷத்தோட பந்து, ஷூ எல்லாம் பரண் மேல. படிச்சமா, பாஸ் பண்ணமான்னு இருக்கட்டும்."

யூனிவர்சிட்டி செலக்டர்கள் அடுத்த சுற்றுக்குத்தான் வருவார்கள். அடுத்த சுற்றுக்குப் போக, சிதம்பரத்தில் நடக்கும் கடைசி லீக் மேட்ச்சில் ஜெயித்தே ஆக வேண்டும். தேன்மொழி இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டைத்தான் குறைத்துவிட்டாள். எனக்கோ தூக்கம் போயிற்று.

ஒரு சாயங்காலம் அவர்களுடைய பிராக்டிஸ் பார்க்கப் போயிருந்தேன். கல்லூரி மைதானம் கடற்கரைக்குப் பக்கம். கோர்ட்டில் இருப்பது ஒற்றை ரிங்தான். இன்னொன்றைப் புயல் சாய்த்துவிட்டது. போஸ்ட் வளைந்து வேலியோரம் கிடக்கிறது. பெண்கள் எல்லோரும் நிற்கிற ரிங்கில்தான் வரிசையாகப் போட்டுப் பழகுவார்கள்.

சுண்டல் சாப்பிட்டுவிட்டுக் காகிதத்தைக் கீழே போட்டேன். (தப்புதான்.) அது விர்ரென்று இடது பக்கமாகப் பறந்தது. வலது பக்கம் கடல். சாயங்காலக் காற்று அங்கிருந்து தள்ளுகிறது. நிமிர்ந்து பார்த்தால்... பெண்கள் பந்தை ரிங்கைப் பார்த்துப் போடவில்லை! ஒரு சாண் வலது பக்கம் தள்ளிப் போடுகிறார்கள். காற்று அதை அழகாக நகர்த்தி வளையத்துக்குள் இறக்குகிறது.

வெளியூர் இன்டோர் ஸ்டேடியங்களில் இவர்கள் போட்ட பந்தெல்லாம் எங்கே பட்டது? வளையத்தின் வலது விளிம்பில்! மேட்ச்சுக்கு மேட்ச் அதே விளிம்பு! அங்கே காற்று ஏது? இல்லாத காற்றுக்குக் கணக்குப் போட்டுப் பந்தை வீசியிருக்கிறார்கள்.

இதை மெசேஜில் எல்லாம் சொல்ல முடியுமா? நேராக மேடத்திடமே ஓடினேன். அவர் ரிங்குக்குக் கீழே போய் நின்று, பெண்கள் போட்ட நாலைந்து பந்தைக் கவனித்தார்.

"சார், இத்தினி நாள்ல இது ஒண்ணுதான் உருப்படியா சொல்லியிருக்கீங்க" என்றார்.

மறுநாளிலிருந்து பிராக்டிஸ் விடியற்காலைக்கு மாறியது. அப்போதுதான் காற்று இருக்காது. அந்த நேரத்துக்கு பஸ் சரிப்படாது என்பதால் ராஜவேலு மாமாதான் தேன்மொழியை டிவிஎஸ் 50-இல் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று. முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பேப்பர் படித்தபடி ஓரமாக உட்கார்ந்திருப்பார். பேப்பரில் ஒரே பக்கத்தையே ரொம்ப நேரம் படிக்கிறாரே என்று எனக்குத் தோன்றியதுண்டு. கேட்கத் தைரியம் வரவில்லை. பெண்கள் மெல்ல மெல்ல நேராகப் போடப் பழகினார்கள். நான் மனைவியிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

அப்புறம்தான் சிதம்பரம். அப்புறம்தான் கரண்ட் கட்.

ஸ்டேடியத்துக்குள் கும்மிருட்டு. ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டுப் படுத்துக்கொண்டது. போட்டியை நடத்துகிறவர்கள் கூடிப் பேசினார்கள். கடைசியில் ஒருவர் மைக் இல்லாமலே கத்தினார்: "மேட்ச்சு வெளி கோர்ட்ல!"

வெளியே வந்தேன். வேப்ப மரம் தலையை விரித்துப் போட்டு ஆடிக்கொண்டிருந்தது. சாயங்காலக் கடற்காற்று, சிதம்பரம் வரைக்கும் வந்து எனக்காகவே காத்திருந்தது. காற்றை மறக்க வைத்து இவர்களைக் கூட்டிக்கொண்டு வந்ததே நான்தானே! வேலியோரம் ராஜவேலு மாமா. பட்டறைக்கு லீவு விட்டுவிட்டு வந்திருக்கிறார்! அவர் முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது.

முதல் பாதியில் எங்கள் ஊரைப் போலவே வலது பக்கமிருந்து காற்று. பெண்கள் சமர்த்தாக நேராகப் போட்டார்கள். பந்து இடது பக்கம் போய் விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று... எண்ணுவதை விட்டுவிட்டேன்.

இடைவேளையில் தடுப்பைத் தாண்டி ஓடினேன். "பழசுக்கே போயிடுங்கம்மா! வலது பக்கம் தள்ளிப் போடுங்க!" மேடமும் பதற்றத்தில் தலையாட்டினார்.

இரண்டாம் பாதி தொடங்கியது. எலிசபெத் என் சொல்படி வலது பக்கம் தள்ளிப் போட்டாள். பந்து ரிங்கைத் தொடவில்லை. போர்டையும் தொடவில்லை. வலது பக்கமாகப் பறந்து பார்வையாளர் ஒருவரின் டீ டம்ளரைத் தட்டிவிட்டது.

ஏன்? இடைவேளைக்குப் பிறகு டீம்கள் பக்கம் மாறிக்கொள்ளும் என்பது எல்.கே.ஜி. பாடம். இப்போது காற்று இடமிருந்து வலம். ஒற்றை ரிங்கிலேயே வளர்ந்த எங்கள் பெண்கள் அந்தப் பக்கத்துக் காற்றை ஜென்மத்தில் பார்த்ததில்லை. பார்த்திருக்க வேண்டிய ஆலோசகரோ...

தேன்மொழி கோர்ட்டின் நடுவிலிருந்து என்னைப் பார்த்துக் கத்தினாள்: "மாமா! தயவு செஞ்சு இனிமே ஒண்ணும் சொல்லாதீங்க!"

வாயைப் பொத்திக்கொண்டேன். நிஜமாகவே, இரண்டு கையாலும்.

அதற்குப் பிறகு அவள் தூரத்திலிருந்து போடவே இல்லை. பந்தைத் தட்டிக்கொண்டு, ஆட்களுக்கு நடுவில் புகுந்து, ரிங்கின் காலடிவரை போய் வைத்துவிட்டு வந்தாள். அங்கே காற்று என்ன செய்யும்? முழங்கை சிராய்த்தது. விழுந்தாள், எழுந்தாள், மறுபடி புகுந்தாள். பத்தொன்பது வயசுப் பெண்ணுக்கு இத்தனை வைராக்கியமா! ஸ்கோர் நெருங்கி வந்தது. கடைசி விநாடிகளில் ஒரே ஒரு பாயிண்ட்தான் குறை. பந்து அவள் கையில். ஆனால் மூன்று பேர் மறித்து நிற்கிறார்கள். வழியில்லை. அங்கிருந்தே போட்டாள்.

பந்து வளையத்தின் மேல் ஒரு சுற்றுச் சுற்றியது.

வெளியே விழுந்தது.

அவ்வளவுதான். விசில். தேன்மொழி கோர்ட்டிலேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள். ராஜவேலு மாமா வேலியை விட்டு அவளை நோக்கி நடந்தார். தடுக்கலாமா? என்ன சொல்லித் தடுப்பது? எல்லாம் என்னால்தான் மாமா, அவளை ஒன்றும் சொல்லாதீர்கள் என்று காலில் விழத் தயாராகப் பின்னாலேயே ஓடினேன்.

அவர் மகளிடம் நிற்கவில்லை. மேடத்திடம் போனார்.

"ஏம்மா, அந்த ரெண்டாவது போஸ்ட்டு இன்னும் வேலியோரந்தான கெடக்குது?"

"ஆமாங்க சார்..."

"ஞாயித்துக்கெழம பட்டறை ஆளுங்கள கூட்டியாறேன். நிமித்தி, வெல்டு வச்சு, நட்டுடலாம். ஒரே பக்கம் போட்டுப் பழகுனா புள்ளைங்க இன்னா பண்ணும்? அடுத்த வருஷம் ரெண்டு பக்கமும் போடட்டும்."

தேன்மொழி மெல்லத் தலையைத் தூக்கினாள். "அப்பா... பந்து பரண் மேலன்னு சொன்னீங்களே?"

"பரண்ல ஏது எடம்? ஒங்கம்மா பாத்திரமே ரொம்பி வழியுது. எழுந்துரு, கை எரியும், கழுவு."

அப்பீல் இல்லாத தீர்ப்பு! நான் வேப்ப மரத்துக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். காற்றில் தூசி, வேறொன்றுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது ரிங் நிமிர்ந்துவிட்டது. மாமா அன்றைக்கே மேடத்தின் நம்பரையும் வாங்கிக்கொண்டாராம். 'எலிசபெத் இன்னும் கொஞ்சம் குனிந்து பந்தைத் தட்டலாம்' என்று முதல் மெசேஜ் போயிருக்கிறது.

அவருக்கு ஸ்மைலி போட்டு பதில் வருகிறது. எனக்கு வெறும் 'ஓகே சார்'.