சைலன்சர் என்றுதான் சொன்னேன்

நான் ஒஸ்லோவில் மின்சார பஸ் ஓட்டுகிறேன். மிதித்தால் போகும், விட்டால் நிற்கும், அவ்வளவுதான். பயணிகளின் தொலைபேசிச் சண்டைகள் முழுவதும் என் காதில் விழும். நான் ஓட்டும் வாகனம் மட்டும் வாய் திறக்காது. அதற்கு ஈடுகட்டத்தான் ஒரு பழைய அமெரிக்க பிக்கப் வாங்கினேன். எட்டு சிலிண்டர் பெற்றோல் என்ஜின். எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் குடியிருப்பின் வாகனத் தரிப்பிடத்தில் எல்லாரும் சார்ஜ் வயர் செருகிக்கொண்டிருக்க, நான் ஒருவன்தான் என்ஜின் ஒயில் பார்த்துக்கொண்டு நிற்பேன். கோயிலில் கண்டால், "என்ன, மரக்கறி யாவாரம் தொடங்கிட்டியளோ?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு வந்துவிடுவேன். உள்ளுக்குள் பெருமைதான்.

என் மனைவி முதியோர் இல்லத்தில் இரவு வேலை செய்கிறவள். காலையில் வந்து குளித்து, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுப்பாள். படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழேதான் என் தரிப்பிடம். நான் மத்தியான வேலைக்குப் புறப்படும் நேரம் அவளுக்கு நடுநித்திரை.

போன குளிர்காலத்தில் பிக்கப்பின் மானிஃபோல்ட் வெடித்துவிட்டது. சிலிண்டர்களில் இருந்து வரும் புகையைச் சேர்த்துக் குழாய்க்கு அனுப்புகிற இரும்பு அது. குளிரில் ஸ்டார்ட் செய்தால் யாரோ சுத்தியலால் தகரத்தில் தட்டுவதுபோல ஒரு சத்தம் எழும்பும். மனைவி எழுந்துவிடுவாள். கீழ்வீட்டில் தனியாக இருக்கும் வயதான நோர்வே அம்மாவும் எழுந்துவிடுவார். முதுகுவலியால் இரவெல்லாம் விழித்திருந்து, விடிந்த பிறகே கண்ணயர்கிறவர். அவர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. படிக்கட்டில் மனைவியைக் கண்டு, சத்தத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று மிகவும் பணிவாகக் கேட்டிருக்கிறார்.

"ஒரு முடிவு கட்டுங்கோ," என்றாள் மனைவி.

கராஜ் வைத்திருக்கும் நண்பனிடம் கொண்டுபோனேன். அவன் வாகனத்தைத் தூக்கி, டோர்ச் அடித்துப் பார்த்தான்.

"மானிஃபோல்ட்டுக்குப் பதிலா ஹெடர் போடுவம். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய், புகை தடையில்லாமல் போகும். நீளமானது போட்டா இன்னும் இழுக்கும். ஆனா புகையைச் சுத்தமாக்கிற கட்டலைசரை இடம் மாத்த வேணும், வாகனப் பரிசோதனையிலை பிடிப்பாங்கள். கட்டையானதைப் போடு, மச்சான்."

"எக்ஸாஸ்ட்டையும் மாத்துவமே."

"உனக்கு வேகம் வேணுமோ, சத்தம் வேணுமோ?"

"ரெண்டும்."

"பொய் சொல்லாதை. நாள் முழுக்க பஸ் ஓட்டுறவனுக்கு என்னத்துக்கு வேகம்?"

பிடித்துவிட்டான். நான் சிரித்துச் சமாளித்தேன்.

அன்று வீட்டுக்கு வந்து, "அந்த உடைஞ்சதை மாத்தேக்கை, புதுச் சைலன்சரும் போடப் போறன்," என்றேன். மனைவியின் முகம் மலர்ந்துவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நோர்வேஜியனில் அந்தச் சாமானுக்கு லிட்பொத்தே, சத்தப்பானை என்று பெயர். நேர்மையான பெயர். நாங்களோ எவ்வளவு உறுமினாலும் அதைச் சைலன்சர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வாகனமே தெரியாத அவள், பெயரை நம்பினாள்.

"நல்லதாப் பாத்துப் போடுங்கோ. மலிஞ்சதை வாங்கிப் பிறகு கரைச்சல் படாதேங்கோ."

அந்த இடத்தில் ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அதன் பிறகு லீவு நாட்களில் எல்லாம் காதுக்கருவியை மாட்டிக்கொண்டு சோபாவில் கிடந்து ஒவ்வொரு எக்ஸாஸ்ட்டின் சத்தமாகக் கேட்டேன். உள்ளே தடுப்பு வைத்துச் சத்தத்தை உடைத்து அனுப்பும் சாதி ஒன்று, வளைத்து வளைத்து அமர்த்திவிடும் சாதி ஒன்று, ஓட்டைக் குழாயைச் சுற்றிப் பஞ்சு வைத்தது இன்னொன்று. முதலாவதைக் கேட்கும்போது எனக்கு நெஞ்சுக்குள் கிறுகிறு என்று இருக்கும். வேலைக்குப் போக வெளிக்கிட்டு நின்ற மனைவி ஒருநாள், "எனக்காக எவ்வளவு மினக்கெடுறியள்," என்று பக்கத்தில் இருந்துவிட்டாள். "எனக்கும் போட்டுக் காட்டுங்கோவன்."

நான் எதைப் போட்டுக் காட்டினேன்? வளைத்து அமர்த்துவதை. கண்ணை மூடிக் கேட்டாள். "இது நல்லம். இதையே எடுங்கோ." தலையாட்டினேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டு போனதும் அந்த உறுமுகிற முதலாவதை ஓடர் பண்ணினேன்.

நண்பன் பூட்டி முடித்து, "சட்டத்துக்குள்ளைதான் நிக்கும். சனத்தின்ரை பொறுமைக்குள்ளை நிக்குமோ தெரியாது," என்றான். முதல் ஓட்டத்தில் சுரங்கப்பாதைக்குள் ஜன்னலைத் திறந்துவிட்டு மிதித்தேன். தனியாக இருந்து கத்திச் சிரித்தேன். சுரங்கம் முடிந்து வெளிச்சத்துக்கு வந்ததும் கீழ்வீட்டு அம்மாவின் ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டுக்கு ஏறும் தெரு தொடங்கும் இடத்திலேயே, கீழே ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்தேன்.

அதுவே வழக்கமாகிவிட்டது. வேலைக்குப் போகும்போது இறங்கி நடப்பேன், வந்தால் ஏறி நடப்பேன். லீவு நாளில் வாகனம் எங்கே என்று மனைவி கேட்டால், தரிப்பிடத்தில் பனி அள்ளுகிறார்கள் என்பேன், நண்பன் கொண்டுபோய்விட்டான் என்பேன். விளைவு என்ன தெரியுமா? வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. "எவ்வளவு நல்ல சைலன்சர்! இப்ப நீங்கள் வெளிக்கிடுறதே எனக்குத் தெரியிறேல்லை," என்றாள் மனைவி. தன் வேலையிடத்தில் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறாள். கீழ்வீட்டு அம்மாவிடமும், இனி அந்தத் தொல்லை வராது என்று தான் பொறுப்பெடுத்துச் சொல்லியிருக்கிறாள். அவர் நன்றி சொல்லி ஒரு தட்டு நிறைய வாஃபிள் சுட்டுக் கொண்டுவந்தார். நான் இரண்டு சாப்பிட்டேன். மூன்றாவது இறங்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு லீவு நாள் காலை மனைவி அழைத்தாள். "தேபானே ஓடேல்லை. பஸ்ஸுக்கு ஒரே சனம். கால் ஏலாமல் கிடக்கு, ஒருக்கா வந்து ஏத்துங்கோ." ரயில் இல்லை என்றால் வேறு வழியில்லை. டாக்ஸி பிடித்து அனுப்பலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு வெட்கமாக இருந்தது. போனேன்.

நான் திருப்பத்தில் வரும்போதே முதியோர் இல்ல வாசலில் நின்ற அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஏறி, பெல்ட்டைப் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு மெதுவாக மிதித்தாலும் அது உறுமியது. சிவப்பு விளக்கில் நின்றபோது எங்கள் இருவரின் இருக்கைகளும் அதிர்ந்தன.

"அண்டைக்கு எனக்குப் போட்டுக் காட்டினியளே," என்றாள், "அது ஆரின்ரை வாகனத்தின்ரை சத்தம்?"

"அது… வேறை ஒண்டு."

பச்சை விழுந்தது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன், ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். அவள் வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஏற்றம் வந்ததும்தான் வாய் திறந்தாள்.

"இதை எங்கை விடுறனீங்கள்?"

"இஞ்சை, கீழை. உம்மை வாசலிலை இறக்கிப்போட்டு வந்து விடுறன்."

"வேண்டாம். இஞ்சையே நிப்பாட்டுங்கோ. அந்த மனிசி இப்பதான் நித்திரை கொண்டிருக்கும். நான் அவவுக்கு வாக்குக் குடுத்தனான்."

நிறுத்தினேன். இறங்கி முன்னால் நடந்தாள். ஏற்றமெல்லாம் பனி இறுகிக் கண்ணாடியாகக் கிடந்தது. அவள் ஓரக் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். இரவு முழுக்க நின்ற கால்கள்.

"பையை எண்டாலும் தாரும்," என்றேன்.

"பரவாயில்லை," என்று மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். நான் வெறுங்கையோடு பின்னால் ஏறினேன்.