எங்கே போகணுமாம்?

அலுவலகம் முடிந்து, பகுதிநேரமாகக் கவுன்சலிங் முதுநிலை படிக்கிறேன். கிளமெண்டியில் வகுப்பு முடிந்து தீவின் வடக்கே உள்ள ஈசூன் வீட்டுக்கு வரும்போது உடம்பில் உயிர் இருக்காது. பயிற்சிக்கு வழிகாட்டி தேட விரிவுரையாளர்களின் விவரப் பக்கத்தைப் பார்த்தேன். இருந்த ஒரே தமிழரிடம் இடமில்லை. முன்பு மருத்துவமனைத் தாதியாக இருந்து, தற்கொலைத் தடுப்பில் தேர்ந்த சீன அம்மையார்தான் கிடைத்தார். "நம்ம ஆளுங்க பேச்சு இவங்களுக்கு எங்க புரியப்போகுது லா" என்று தோழியிடம் சலித்துக்கொண்டேன்.

பயிற்சிக்காக லிட்டில் இந்தியாவில் நான் சந்தித்த வயதான பெரியம்மா ஒருவரின் பேச்சை ஆங்கிலத்தில் எழுதி அம்மையாரிடம் கொடுத்தேன். "சீக்கிரம் போய்ச் சேரணும்மா" என்று அவர் சொன்னதை, களைப்பில், 'சீக்கிரம் போக வேண்டும்' என்று எழுதியிருந்தேன்.

அம்மையார் அந்த வரியில் விரலை வைத்தார். "எங்கே போகணுமாம்?"

பெரியம்மா சாவைத்தான் சொல்லியிருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. வீட்டில் தினமும் கேட்டுப் பழகிய பேச்சு. அதனால்தான் உறைக்கவில்லை.

அங்கிருந்தே பெரியம்மாவுக்குப் போன் செய்தோம். நல்லவேளை, எடுத்தார். நேராகக் கேட்டதும் அழுதார். "ஆமாம்மா, அப்படித்தான் நினைச்சிருந்தேன்." உடனே அவர் மகளை வரவழைத்தோம்.

இப்போது யார் அப்படிச் சொன்னாலும் நின்று கேட்கிறேன். நேற்று, முழங்காலைப் பிடித்தபடி என் அம்மாவும் சொன்னார். முதல்முறையாக, "எங்கேம்மா?" என்றேன்.

அம்மா முழங்காலை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.